பச்சை முட்டையும் நல்லெண்ணெயும்: பெரியபிள்ளையான மகளுக்கு எப்படிக் கொடுக்கலாம்?

முத்தையன்கட்டு அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்குப் பன்னிரண்டு வயது. போன கிழமை பெரியபிள்ளையாகிவிட்டாள். தண்ணீர் வார்த்து வீட்டில் இருத்தியிருக்கிறோம். பார்த்துக்கொள்ள என் அம்மா வந்து நிற்கிறார். ஒவ்வொரு நாளும் விடியப்புறம், பிள்ளை பல் தீட்டிய கையோடு, எங்கள் கூட்டில் எடுத்த முட்டையின் நுனியைத் தட்டித் திறந்து அவள் வாயில் ஊற்றுகிறார். பிறகு அதே கோதில் நல்லெண்ணெயை நிரப்பி, அதையும் குடிக்க வேண்டும். முதல் இரண்டு நாளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். மூன்றாம் நாள் கிணற்றடிக்கு ஓடிப்போய் முழுவதையும் சத்தி எடுத்துவிட்டாள். இப்போது கோது தட்டுகிற சத்தம் கேட்டாலே பிள்ளைக்குக் கண் கலங்குகிறது.

அவித்துக் கொடுப்போம் என்றால் அம்மா சம்மதிக்கவில்லை. "அவித்தால் சத்துப் போய்விடும், பச்சையாகக் குடித்தால்தான் இடுப்பெலும்புக்குப் பலம்" என்கிறார். எனக்கும் அப்படித்தான் தந்தார். அவருடைய மனதை நோகடிக்க விருப்பமில்லை, பிள்ளையை வருத்தவும் மனமில்லை. உண்மையிலேயே பச்சை முட்டையில்தான் சத்து அதிகமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளக்கட்டு அண்ணி எழுதியது:

தங்கச்சி, எனக்கு முப்பத்தொரு நாளும் விடாமல் தந்தார்கள். மூன்று பிள்ளை பெற்றேன். இன்றைக்கும் நாள் முழுக்க வயலில் குனிந்து களை பிடுங்கினால் இடுப்பு நோவு இல்லை. நம் ஆச்சிமார் காரணமில்லாமல் ஒன்றும் செய்யவில்லை. இன்னும் இரண்டொரு நாளில் பிள்ளைக்குப் பழகிவிடும். விட்டுவிடாதீர்கள்.

கிளினிக் அக்கா எழுதியது:

நான் குடும்பநல உத்தியோகத்தராக வன்னிக்குள் பல வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள். இந்தக் கேள்வியை எத்தனையோ வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அம்மம்மா செய்வதில் பெரும் பகுதி நல்லது. உயரமும் எலும்பும் ஒரேயடியாக வளர்கிற வயது இது. மாதாமாதம் இரத்தமும் போகத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் முட்டை, உழுத்தங்களி, நல்லெண்ணெய் என்று தேடித் தேடிக் கொடுப்பது கையில் இருந்ததை வைத்து நம் பெண்கள் கண்டுபிடித்த அருமையான வழி. குளக்கட்டு அண்ணிக்கு அந்த முப்பத்தொரு முட்டையும் நிச்சயம் உதவியிருக்கும். பிழை "பச்சை" என்ற ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

பெல்ஜியம் லூவன் பல்கலைக்கழகத்தில் 1998 இல் இதை அளந்தே பார்த்தார்கள். ஆட்களுக்கு ஒரு நாள் சமைத்த முட்டையும் இன்னொரு நாள் பச்சை முட்டையும் கொடுத்து, சிறுகுடலைத் தாண்டும்போது எவ்வளவு புரதம் சமிக்காமல் மிஞ்சுகிறது என்று பார்த்தார்கள். சமைத்த முட்டையின் புரதத்தில் நூற்றுக்கு 91 பங்கு உடலில் சேர்ந்தது. பச்சை முட்டையில் 51 பங்குதான் சேர்ந்தது. அம்மம்மா ஒரு முட்டை கொடுத்ததாக நினைக்கிறார், பிள்ளையின் உடம்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய அரை முட்டையின் புரதம்.

ஏன் அப்படி என்றால், வெள்ளைக்கருவின் புரதம் நூல் பந்து போல இறுக்கமாகச் சுருண்டு கிடக்கிறது. சூடு பட்டதும் பந்து அவிழ்கிறது, நம் வயிற்று நொதியங்களுக்கு வெட்டுவதற்கு நுனி கிடைக்கிறது. பச்சை வெள்ளைக்கருவில் புரதச் சமிபாட்டைத் தடுக்கிற பொருளும் இருக்கிறது. அவிடின் என்ற இன்னொன்று, பயோட்டின் என்கிற விற்றமினைப் பிடித்துக்கொண்டு விடாது. கோழிக்கு இவையெல்லாம் தேவை. கிருமி வந்து குஞ்சின் சாப்பாட்டைத் தின்னாமல் இருக்க அது போட்டிருக்கிற காவல் அது. சமைத்தால்தான் அந்தக் காவல் நமக்கு விலகும்.

அடுத்தது, வயிற்றோட்டமும் காய்ச்சலும் தருகிற சல்மொனெல்லா என்ற கிருமி. கோதைக் கழுவினால் போதும் என்று நினைப்போம். ஆனால் சில கோழிகளில் கோது உருவாகும் முன்பே கிருமி உள்ளே போய்விடும். பார்க்கவும் தெரியாது, மணக்கவும் மாட்டாது. சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணித் தாய்மார், வயதானவர்கள் இந்த மூன்று பேருக்கும் பச்சை முட்டை வேண்டவே வேண்டாம் என்று நான் எப்போதும் கண்டிப்பாகச் சொல்வேன்.

அவித்தால் சத்துப் போகாது தங்கச்சி. விற்றமின் ஏ, விற்றமின் டி, கோலின் எல்லாம் மஞ்சள் கருவில் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். இந்தக் கோலினைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. மூளைக்கும் நரம்புக்கும் ஈரலுக்கும் வேண்டிய பொருள் அது. ஒரு பெரிய முட்டையில் 147 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, அதுவும் கிட்டத்தட்ட முழுக்க மஞ்சளில்தான். கர்ப்பிணித் தாய்க்கு ஒரு நாளைக்கு 450 மில்லிகிராம், பால் கொடுக்கிற தாய்க்கு 550 வேண்டும் என்பது கணக்கு. இவ்வளவு கோலின் ஒரே இடத்தில் இருக்கிற சாப்பாடு மிகக் குறைவு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெரியபிள்ளையான பிள்ளைக்கு இரும்புச்சத்து முக்கியம், அதை முட்டை பார்த்துக்கொள்ளும் என்று நம்பி இருக்கக் கூடாது. மஞ்சள் கருவில் இரும்பு இருக்கிறது, ஆனால் அங்குள்ள ஒரு புரதம் அதைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பதால் உடம்பில் சேர்வது கொஞ்சம். ஆகவே மீன், இறைச்சி, கீரை வகையும் வேண்டும். கீரையை இறக்கும்போது தேசிக்காய் பிழிந்துவிடுங்கள். சாப்பிட்ட உடனே தேத்தண்ணி வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தால் விட்டுவிடாமல் போடச் சொல்லுங்கள்.

தூரத்து வன்னி எழுதியது:

கிளினிக் அக்கா எழுதியதை வாசித்ததும் என் அம்மாவின் முட்டைக்கோப்பி ஞாபகம் வந்துவிட்டது. சோதனைக் காலத்தில் விடிய நாலு மணிக்கு எழுப்புவார். கோப்பைக்குள் முட்டையும் சீனியும் போட்டு, கை வலிக்க வலிக்க முள்ளுக்கரண்டியால் அடித்து, நுரை விளிம்புக்கு வந்ததும் கொதிக்கிற கோப்பியை நூல் மாதிரி ஊற்றுவார். இப்போது நான் இருக்கிற நாட்டில் பனி கொட்டுகிற காலையிலும் அந்த மணம் மூக்கில் நிற்கிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றுவதால் அது வெந்துவிடும் என்றுதான் இதுவரை நினைத்தேன். சரியா?

கிளினிக் அக்கா எழுதியது:

தம்பி, அம்மாவின் கை ஓயாமல் அடித்ததில் இருக்கிற அன்பு பெரியது. ஆனால் முட்டை வெந்ததா என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. வெந்த முட்டை கட்டிபடும். கோப்பியில் அது திரளாமல் நுரையாக நின்றால் முழுதாக வேகவில்லை. கிருமி சாவதற்கு 71 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடு உள்ளே போக வேண்டும். குளிர்ந்த கோப்பையும் முட்டையும் சீனியும் சேர்ந்து கோப்பியின் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும். திடமான ஆள் எப்போதாவது குடிப்பது வேறு. வருத்தத்தில் எழும்பியவருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் பலத்துக்கென்று கொடுப்பதைத்தான் நான் வேண்டாம் என்பேன்.

ஒட்டுசுட்டான் கோழிக்கூடு எழுதியது:

கோழி வளர்க்கிறவன் என்ற முறையில் சிலதைச் சொல்லலாம் என்று வந்தேன். இங்கே எல்லோரும் ஊர்முட்டை என்றால் கண்ணை மூடிக்கொண்டு உசத்தி என்பார்கள். நான் இரண்டு விதமும் வைத்திருப்பவன், நியாயமாகச் சொல்கிறேன்.

கோதின் நிறத்துக்கும் சத்துக்கும் தொடர்பே இல்லை. அது கோழியின் சாதியைப் பொறுத்தது. கண்ணுக்குப் பின்னால் காதோடு ஒட்டித் தொங்குகிற மடலைப் பாருங்கள். அது வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் வெள்ளை முட்டை, சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் மண்ணிற முட்டை. மண்ணிற முட்டைக்குக் கடையில் கூடக் காசு கொடுப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

மஞ்சள் கருவின் நிறம் தீனியால் வருவது. முருங்கை இலை, சோளம், பச்சைப் புல் தின்றால் மஞ்சள் கடுமையாக வரும். அந்த நிறப்பொருளில் லூட்டின், சியாசாந்தின் என்ற இரண்டு கண்ணுக்கு நல்லவை. கீரையிலும் இவை இருக்கின்றன, ஆனால் முட்டையில் கொழுப்போடு சேர்ந்து இருப்பதால் உடம்பு இலகுவாக எடுத்துக்கொள்ளும். அதற்காக வெளிறிய மஞ்சளில் புரதம் குறைவு என்று நினைக்க வேண்டாம். புரதத்தில் வித்தியாசம் கிடையாது.

எடையைப் பாருங்கள். என் ஊர்க்கோழி முட்டை தராசில் 40 கிராமைச் சுற்றித்தான் நிற்கும், பண்ணைமுட்டை 55, 60 என்று போகும். முட்டைக்கு முட்டை பார்த்தால் பண்ணைமுட்டையில்தான் புரதம் கூட. ஊர்முட்டை வெல்கிற இடம் வெயில். கோழியும் நம்மைப் போல வெயில் பட்டால் விற்றமின் டி உண்டாக்கும், அது மஞ்சளுக்கு வரும். ஜேர்மனியில் 2014 இல் வெளிவந்த ஆய்வில், வெளியில் மேய்ந்த கோழியின் மஞ்சள் கருவில், கூட்டுக்குள் இருந்த கோழியுடையதைப் போல மூன்று நான்கு மடங்கு விற்றமின் டி இருந்தது. நம் வன்னி வெயிலைத் திட்டுகிறோம், முற்றத்தில் கோழி அதைத்தான் முட்டைக்குள் சேர்த்துவைக்கிறது.

தீனிக்குக் கடையையே நம்பி இருக்காதீர்கள். என் அப்பா காட்டித் தந்த வேலை இது. உடைந்த மண்சட்டிக்குள் ஈர வைக்கோலையும் காய்ந்த சாணத்தையும் அடைத்து, பின்னேரம் கறையான் புற்றடியில் கவிழ்த்து வைப்பேன். விடிய வெயில் ஏறும் முன் தூக்கினால் வைக்கோல் முழுக்க வெள்ளையாக நெளியும். அதைச் சாக்கில் தட்டிவிட வேண்டியதுதான், குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்து கொத்தும். கீரி வருகிற நேரமும் அதுதான், அதனால் அவை தின்று முடிக்கும் வரை நான் பக்கத்திலேயே குந்தியிருப்பேன்.

அடுத்தது கோது மெலிதாகும் கதை. சோளகம் வீசுகிற மாதங்களில் வெக்கை தாங்காமல் கோழி வாயைத் திறந்து இளைக்கும். இளைக்க இளைக்க இரத்தத்தில் உள்ள கரியமில வாயு வெளியே போய்விடும். கோது என்பது கல்சியம் காபனேற்று, அதைச் செய்ய அந்த வாயுவிலிருந்து வருகிற பொருள் வேண்டும். அதனால்தான் தீனி சரியாக இருந்தாலும் வெயில் காலத்தில் முட்டை கை பட்டதும் நெரிகிறது. ஒரு முட்டையின் கோதுக்கு மட்டும் ஏறக்குறைய 2 கிராம் கல்சியம் போகிறது, அதில் ஒரு பங்கைக் கோழி தன் எலும்பிலிருந்தே கரைத்துக் கொடுக்கிறது. பாவம், அதை நினைத்தாவது நிழலும் குளிர்ந்த தண்ணீரும் வையுங்கள். முல்லைத்தீவுப் பக்கம் போனால் சிப்பி ஓடு அள்ளிக்கொண்டு வந்து இடித்துப் போடுங்கள். தின்ற முட்டையின் கோதையும் காயவைத்து நொறுக்கிப் போடலாம். முழுக்கோதாகப் போட்டால் தன் முட்டையையே கொத்திப் பழகிவிடும்.

மல்லாவித் தங்கச்சி எழுதியது:

அண்ணை, முட்டையை எப்படிப் பாதுகாக்கிறது? எங்களிடம் பிறிஜ் இல்லை. கழுவி வைக்கலாமா? அத்தோடு, சில முட்டைக்குள் இரத்தப் புள்ளி இருக்கிறது. கரு உண்டாகிவிட்டது என்று மாமி வீசிவிடுகிறார்.

ஒட்டுசுட்டான் கோழிக்கூடு எழுதியது:

கழுவ வேண்டாம் தங்கச்சி. கோதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. முட்டை வெளியே வரும்போது ஒரு மெல்லிய பூச்சு அவற்றை மூடியிருக்கும். கழுவினால் பூச்சுப் போய், ஈரத்தோடு கிருமி உள்ளே போகும். அழுக்கென்றால் காய்ந்த துணியால் துடையுங்கள், சமைக்கும் நேரத்தில் கழுவுங்கள். கூர்முனை கீழே இருக்க வையுங்கள், காற்றறை மொத்தமான பக்கத்தில்தான் இருக்கிறது. என் அம்மம்மா அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார், அது குளிர்ச்சியான இருட்டு இடம் என்பதால் நல்லதுதான். ஆனால் நம் வெக்கையில் நாளைத் தள்ள வேண்டாம். வெளியே ஒரு நாள் இருப்பது பிறிஜில் ஒரு கிழமை இருப்பதற்குச் சமம் என்பார்கள்.

தண்ணீரில் போட்டால் புது முட்டை படுத்துக் கிடக்கும், பழசு எழும்பி நிற்கும், மிதந்தால் எறிந்துவிடுங்கள். ஒரு நாள் இரண்டு நாள் முட்டையை அவித்தால் கோது உரிக்க வராமல் வெள்ளையைப் பிய்த்துக்கொண்டு வரும். அது புதுசு என்பதற்கு அடையாளம், பழுது என்று நினைக்க வேண்டாம்.

இரத்தப் புள்ளி கரு இல்லை. மஞ்சள் கரு கோழியின் சூலகத்திலிருந்து விடுபடும்போது ஒரு சின்ன இரத்தக் குழாய் வெடித்தால் அப்படி வரும். சேவலே இல்லாத கோழியிலும் வரும். கரண்டி நுனியால் எடுத்துவிட்டுச் சமையுங்கள். மஞ்சளின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கயிறு மாதிரித் திரிந்து கிடக்கிறதே, அதுவும் குஞ்சு அல்ல. மஞ்சளை நடுவில் தாங்குகிற கயிறு அது.

பரந்தன் பொடியன் எழுதியது:

நான் ஜிம்முக்குப் போகிறேன். ஒரு நாளைக்கு ஆறு முட்டை அவித்து வெள்ளையை மட்டும் சாப்பிடுகிறேன். மஞ்சள் நாய்க்குப் போகிறது. பயிற்சி தருகிற அண்ணா மஞ்சள் முழுக்கக் கொழுப்பு என்றார்.

கிளினிக் அக்கா எழுதியது:

தம்பி, இதை வாசிக்க எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஒரு பெரிய முட்டையின் 6.3 கிராம் புரதத்தில் 2.7 கிராம் மஞ்சளில் இருக்கிறது. ஆறு மஞ்சளில் 16 கிராம் புரதம் நாய்க்குப் போகிறது. இலினோய் பல்கலைக்கழகத்தில் 2017 இல், எடை தூக்கிய இளைஞர்களுக்கு ஒரே அளவு புரதத்தை முழு முட்டையாகவும் வெறும் வெள்ளைக்கருவாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். முழு முட்டை சாப்பிட்டபோதுதான் தசையில் புதுப் புரதம் கூட உண்டானது. மூன்று முழு முட்டை சாப்பிடுங்கள். மிச்சம் மூன்றையும் வீட்டில் உள்ள அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் கொடுங்கள்.

வவுனியா மகன் எழுதியது:

அப்பாவுக்குக் கொலஸ்ரோல் என்று கிளினிக்கில் சொன்னதிலிருந்து வீட்டில் முட்டையையே நிறுத்திவிட்டோம். அவருக்கு முட்டை அப்பம் என்றால் உயிர். ஒரு கண்டமும் கொடுக்கக் கூடாதா?

கிளினிக் அக்கா எழுதியது:

ஒரு முட்டையில் ஏறத்தாழ 186 மில்லிகிராம் கொலஸ்ரோல் இருப்பது உண்மை. 1968 இல் அமெரிக்க இதயச் சங்கம் கிழமைக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்றது, அந்தப் பயம்தான் உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் இரத்தத்தில் உள்ள கொலஸ்ரோலில் பெரும் பகுதியை ஈரல்தான் உண்டாக்குகிறது. சாப்பாட்டுக் கொலஸ்ரோலை விட நிறைந்த கொழுப்புத்தான் அதைக் கூடத் தூண்டுகிறது. அமெரிக்க அரசின் 2015 ஆம் ஆண்டு உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்ற பழைய எல்லையை எடுத்துவிட்டார்கள். சுகதேகிக்கு ஒரு நாளைக்கு ஒரு முட்டையால் இதய நோய் கூடுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. நீரிழிவு உள்ளவர்களில் முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை, அதனால் அப்பாவுக்குச் சீனி வருத்தமும் இருந்தால் அவரைப் பார்க்கிற டொக்டரிடம் எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள். முட்டைக்குக் காட்டுகிற கண்டிப்பைக் கட்டிப்பாலுக்கும், திரும்பத் திரும்பச் சுடவைக்கிற பொரித்த எண்ணெய்க்கும், ரோல்ஸுக்கும் காட்டுங்கள்.

முத்தையன்கட்டு அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாசிக்க வாசிக்க ஒரு விசயம் மனதைக் குத்துகிறது. எங்களிடம் பதினொரு கோழி. முட்டையைச் சேர்த்துக் கடைக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் சின்னவனுக்குப் பிஸ்கற் வாங்கிக்கொண்டு வருகிறேன். அவனுக்கு இப்போதுதான் ஒன்பது மாதம். மகளுக்கு முட்டை எடுத்து வைத்தது கூட இந்தக் கிழமைதான்.

கிளினிக் அக்கா எழுதியது:

தங்கச்சி, உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. காசு தேவைப்படுகிற வீட்டில் முட்டைதான் கையில் கிடைக்கிற சில்லறை. நிறை போடப் போகிற இடத்தில் எத்தனையோ தாய்மார் இதே கதையைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பதினொரு கோழியில் கிடைப்பதில் இரண்டை மட்டும் வீட்டுக்கு என்று முதலிலேயே ஒதுக்குங்கள். ஒன்று மகளுக்கு, ஒன்று சின்னவனுக்கு. மிச்சத்தை விற்கலாம்.

எக்குவடோரின் மலைக் கிராமங்களில் ஆறு முதல் ஒன்பது மாதப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் நாளுக்கொரு முட்டை கொடுத்தார்கள். 2017 இல் முடிவு வந்தது. வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள், முட்டை கிடைக்காத பக்கத்தை விட 47 வீதம் குறைவாக இருந்தார்கள். பிறகு அதையே மலாவி நாட்டில் செய்தபோது வளர்ச்சியில் அப்படி வித்தியாசம் வரவில்லை. அங்கே ஏரிக்கரை, பிள்ளைகள் முன்பே மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதை நம் ஊருக்கு வைத்துப் பாருங்கள். கடற்கரைப் பக்கத்தில் மீன் சட்டியில் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு முட்டை ஒரு நாள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உள்ளே குளத்தோரமும் காட்டோரமும், மீன்காரர் வராத நாளில் சோறும் பருப்பும் மட்டும் உண்கிற பிள்ளைக்கு அந்த ஒரு முட்டை பெரிய விசயம். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை ஒவ்வொரு நாளும் முட்டையோ மீனோ இறைச்சியோ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் சொன்னதும் இதற்குத்தான்.

சின்னவனுக்கு நன்றாக அவித்து, மஞ்சளும் வெள்ளையும் சேர்த்து மசித்து, முதல் நாள் ஒரு தேக்கரண்டி மட்டும் கொடுங்கள். உடம்பில் தடிப்பு, வாய் வீக்கம், சத்தி வருகிறதா என்று பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் மெல்லக் கூட்டுங்கள். ஒரு வயது வரை முட்டை வேண்டாம் என்று பிந்தப்போடுவது ஒவ்வாமையைத் தடுக்காது. பிந்தினால்தான் கூடலாம் என்று இப்போது தெரிகிறது.

குளக்கட்டு அண்ணி எழுதியது:

நான் முதலில் எழுதியதை அழிக்கவில்லை, ஏனென்றால் அப்படித்தான் நம்பியிருந்தேன். எனக்குத் தந்த காலத்தில் முப்பத்தொரு நாள் முடிந்ததும் முட்டையும் முடிந்தது. மறுபடி முட்டை கண்டது முதல் பிள்ளை பெற்றபோதுதான். அது சரியில்லை என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன். என் பேத்திக்கு எட்டு வயது. பெரியபிள்ளையாகும் வரை நான் காத்திருக்கப் போவதில்லை.

முத்தையன்கட்டு அம்மா எழுதியது:

இன்று காலை நடந்ததை எழுதுகிறேன். நேற்றிரவு இந்த இழை முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பச்சை முட்டையில் பாதிதான் சேரும் என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு ஒன்றும் பேசாமல் படுத்துவிட்டார். விடிய எழும்பிப் பார்த்தால் குசினியில் அடுப்பு எரிகிறது. தாச்சி காய்ந்துகொண்டிருக்க, சின்ன வெங்காயம் அரிந்து, முட்டையோடு மிளகுத்தூளும் உப்பும் போட்டு அடித்து வைத்திருக்கிறார். நல்லெண்ணெயை மட்டும் வழக்கம் போல முட்டைக்கோதால் அளந்துதான் தாச்சிக்குள் ஊற்றினார்.

மகள் மணத்துக்கே எழும்பி வந்துவிட்டாள். சாப்பிட்டு முடித்து, தட்டை நீட்டி இன்னொன்று கேட்டாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கடைக்குக் கொடுக்க வைத்திருந்த பெட்டியிலிருந்து எடுத்தார்.